மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஹால்ஸ்டாட்

ஆஸ்திரியாவில் டாக்ஸ்டைன் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் ஹால்ஸ்டாட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. முன்னால் 125 மீட்டர் ஆழமுள்ள ஏரி. பின்னால், வீட்டுக் கொல்லையிலேயே தொடங்கிவிடும் மலை. இரண்டுக்கும் நடுவே எஞ்சிய ஒடுங்கிய கரையில், ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் என்று வீடுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. உழுவதற்கு நிலம் கிடையாது. மாடு மேய்க்க மலைமேல் போக வேண்டும். குளிர்காலத்தில் பல வாரங்களுக்கு ஊரின் பெரும்பகுதியில் நேர் வெயில் விழுவதில்லை. பிழைக்க இடம் தேடி வரும் ஒருவன் இந்தக் கரையைப் பார்த்தால் படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

ஆனாலும் மனிதர்கள் 7,000 ஆண்டுகளாக இங்கே வந்திருக்கிறார்கள். அன்று வந்தவர்கள் மலைக்குள் இருந்த உப்புக்காக வந்தார்கள். இன்று வருகிறவர்கள் ஊரைப் பார்க்க வருகிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்போர் 800 பேருக்கும் குறைவு. கூட்டம் மிகுந்த நாட்களில் வந்துபோவோர் 10,000 பேர் வரை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேசுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. சுற்றுலா நெரிசலுக்கு உதாரணம் கேட்டால் வெனிஸோடு சேர்த்து இந்த ஊரின் பெயரையும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் ஒன்று விடுபட்டுப்போகிறது. இடநெருக்கடி ஹால்ஸ்டாட்டுக்குப் புதிதல்ல. இங்கே பிறந்தவர்கள் அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள். இறந்தவரைப் புதைப்பதிலிருந்து பேரிக்காய் மரம் வளர்ப்பது வரை ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள். அந்த வழிகள் என்ன ஆயின என்று பார்த்தால்தான் உண்மையில் மாறியது எது என்பது விளங்கும்.

முதலில் உப்பு. ஊருக்கு மேலே, ஏரி மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு பள்ளத்தாக்கு இருக்கிறது. சுரங்கம் அங்கேதான். 1838இல் அங்கே கிடைத்த மான்கொம்புக் கொந்தாளம் ஒன்று கி.மு. 5000ஆம் ஆண்டை ஒட்டியது என்று கணிக்கப்பட்டிருக்கிறது. வெண்கலக் காலத்தில் சுரங்கம் மலைக்குள் ஆழமாக இறங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர்கள் அதனுள் ஒரு மரப்படிக்கட்டைக் கண்டெடுத்தார்கள். எட்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்கும் சற்று மேல் அகலம். ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரங்கள் கி.மு. 1344, 1343 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. எகிப்தில் துட்டன்காமுன் அரியணை ஏறுவதற்குச் சில ஆண்டுகளே முந்தைய காலம். சரிவு எப்படி இருந்தாலும் காலை வைக்கும் பலகை மட்டமாக நிற்கும்படி, சாய்வை மாற்றிக்கொள்ளும் அமைப்பு அதில் இருந்தது. 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தச்சன் சுமையோடு ஏறுகிறவனின் காலைப் பற்றி யோசித்திருக்கிறான். அந்த யோசனையை உப்பு அழுகவிடாமல் காத்துக்கொடுத்தது.

அதே உப்பு வேறு பலவற்றையும் காத்தது. தோலால் தைத்த முதுகுப் பைகள், கம்பளித் துணியின் கிழிசல்கள், வெளிச்சத்துக்காகக் கொளுத்திப் போட்ட மரச்சிம்புகள், மனித மலம் கூட. அந்த மலத்தை ஆராய்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இரும்புக் காலத்தில் இங்கே வேலை செய்தவர்கள் பார்லியும் சிறுதானியமும் அவரையும் கலந்த கஞ்சி வகையோடு, நீலப் பூஞ்சை ஏறிய பாலாடைக்கட்டியும் பியரும் உண்டு குடித்திருக்கிறார்கள். பூஞ்சையும் நொதியும் தானாக வந்தவையாகத் தெரியவில்லை. உணவைப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர்களின் கைவேலையாகவே தெரிகின்றன. கிடைத்த தோல் செருப்புகளில் சில சிறுவர்களின் காலுக்கே பொருந்தும். பிள்ளைகளும் உள்ளே இறங்கியிருக்கிறார்கள்.

அவர்களுடைய கல்லறைகள் சுரங்கத்துக்கு அருகிலேயே, அதே மேல்பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 1846இல் சுரங்க அதிகாரியாக இருந்த யோஹான் கேயோர்க் ராம்சவர் கண்ணில் அவை பட்டன. 1863 வரை அவர் 980 கல்லறைகளைத் திறந்தார். புதையல் தேடுகிறவர்களைப் போல அவர் பொருளை அள்ளிக்கொண்டு குழியை மறக்கவில்லை. ஒவ்வொரு கல்லறையிலும் எலும்பு எப்படிக் கிடந்தது, எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று எழுதிவைத்தார். இசிடோர் எங்ல் என்பவர் அவற்றை நீர்வண்ணத்தில் வரைந்துவைத்தார். தொல்லியல் என்ற துறையே முழு உருப் பெறாத காலத்தில் ஒரு சுரங்க அதிகாரி காட்டிய இந்தப் பொறுப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது. அந்தக் கண்டெடுப்பின் காரணமாக ஐரோப்பாவின் முற்கால இரும்புக் காலம், ஏறத்தாழ கி.மு. 800 முதல் 450 வரை, இந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கல்லறைகளில் பால்டிக் கடற்கரையின் அம்பர் இருந்தது. யானைத் தந்தத்தால் கைப்பிடி செய்த வாள் இருந்தது. பொன்னும் வெண்கலமும் இருந்தன. அந்தச் செல்வத்தோடு புதைந்தவர்களின் எலும்புகளை ஆராய்ந்தால், தசை பற்றும் இடங்களில் கடும் உழைப்பின் அடையாளம் தெரிகிறது. ஆண்களின் எலும்பில் கொந்தாளத்தை ஓங்கி அடித்த தடம். பெண்களின் எலும்பில் சுமை சுமந்த தடம். தோண்டியவர்களும் சுமந்தவர்களும் அந்த வளத்தில் பங்கு பெற்றிருந்தார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பிற்கால நிலைமை அப்படி இல்லை. இடைக்காலத்தில் ஹாப்ஸ்பர்க் அரசகுடும்பத்தின் கைக்கு உப்பு போயிற்று. 1311இல் ஹால்ஸ்டாட்டுக்குச் சந்தை உரிமை கிடைத்தது. ஆனால் மலைக்குள் கிடந்தது கருவூலத்தின் சொத்து. தோண்டுகிறவன் கூலிக்காரன் ஆனான். ஆஸ்திரியாவில் உப்பின் மீதான அரசின் தனியுரிமை 1995இல், அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதுதான் முடிவுக்கு வந்தது. பொன்னோடு புதைக்கப்பட்டவர்களின் கால்வழி என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஆனால் அதே மலையில் அதே பொருளை எடுத்தவர்கள், இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, மிகவும் ஏழைகளாக இறந்தார்கள்.

எடுக்கும் முறையும் மாறியது. இரும்புக் காலத்தில் உப்பைப் பாறையாகவே வெட்டினார்கள். சுவரில் இதய வடிவத்தில் கோடு கொத்தி, அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பெயர்த்தார்கள். வெட்டிய தடங்கள் இன்றும் சுரங்கச் சுவரில் இருக்கின்றன. இடைக்காலத்துக்குப் பின் மலைக்குள் நன்னீரைவிட்டு உப்பைக் கரைத்து, உவர்நீராக வெளியே கொண்டுவந்து, பெரிய கொப்பரைகளில் காய்ச்சினார்கள். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். ஊரைச் சுற்றிய காடு அந்தக் கொப்பரைகளுக்குப் போதவில்லை.

இங்கேதான் ஊரின் அறிவு முதன்முறையாக மிகப் பெரிய அளவில் வெளிப்பட்டது. விறகை உப்புக்குக் கொண்டுவர முடியாவிட்டால், உப்பை விறகிடம் அனுப்பலாம். 1595இல் தொடங்கி 1607இல் முடிந்த வேலை அது. சுமார் 13,000 மரத்தண்டுகளை நீளவாட்டில் துளைத்து, ஒன்றோடொன்று பொருத்தி, மலைச்சரிவிலேயே 40 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோய், காடு அடர்ந்த எபன்சேயில் புதிய காய்ச்சுசாலை அமைத்தார்கள். பம்பு கிடையாது, சரிவு மட்டுமே நீரை நகர்த்தியது. உலகின் மிகப் பழைய தொழிற்சாலைக் குழாய்த்தடம் என்று இதைச் சொல்கிறார்கள். மரக்குழாய்கள் போய் நவீனக் குழாய்கள் வந்துவிட்டன. உவர்நீர் இன்றும் எபன்சேக்குத்தான் போகிறது. 1979 முதல் அங்கே புதிய ஆவியாக்கி ஆலை இயங்குகிறது. விறகுக் கொப்பரை இல்லை. பழைய குழாய்த்தடத்தை ஒட்டிக் காவலர்கள் நடந்த பாதை இப்போது நடைப்பயணிகளின் பாதை.

ஹால்ஸ்டாட்டின் சொந்தக் காய்ச்சுசாலை 1750ஆம் ஆண்டுத் தீ விபத்தில் ஊரின் நடுப்பகுதியோடு சேர்ந்து எரிந்தது. பிறகு அதைச் சற்றுத் தெற்கே, ஓடை கொண்டுவந்து கொட்டிய மண்ணால் ஓரளவு சமதளமான லான் என்ற பகுதியில் கட்டினார்கள். 1965 வரை அங்கே உப்புக் காய்ச்சினார்கள். ஊருக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்பதும் இன்று அதே லான் பகுதியில்தான். ஊரில் சமதளம் என்று இருப்பதே அது ஒன்றுதான். எந்தக் காலத்தில் எது பெரிய தொழிலோ அது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

காய்ச்சாத பாறை உப்பை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெண்கள்தான் முதுகில் சுமந்து மலையிலிருந்து இறக்கினார்கள். கூடை முதுகில், செங்குத்தான பாதை காலில். குளிர்காலத்தில் அந்தப் பாதையில் பனி. வீட்டுக்கு வந்தபின் அடுப்பும் பிள்ளைகளும். இரும்புக் காலப் பெண்களின் எலும்பில் தெரிந்த சுமை, ஏறக்குறைய பாட்டனார் காலம் வரை அதே சரிவில் தொடர்ந்திருக்கிறது. 1968இல் அந்தச் சரிவில் இழுவை ரயில் வந்தது. சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். பழைய நாட்களை ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்த ஒன்றை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். அந்தக் கூடை இறங்கியது நல்லதே. அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளச் சொல்லும் எந்த ஏக்கத்துக்கும் இடம் தரக்கூடாது.

ஊருக்குப் போய்வருவதே அன்று வேறு காரியம். 1890 வரை வண்டிப்பாதை கிடையாது. படகில் வர வேண்டும். இல்லையென்றால் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். ஊருக்குள்ளும் தெரு என்று சொல்லத்தக்கது குறைவு. மேல்வரிசையில் வீட்டுக்கு வீடு போகும் வழி பரண்களின் ஊடாகவே போயிற்று. ஒருவர் வீட்டின் மேல்தளம் எல்லோருக்கும் நடைபாதை. அடுத்தவர் தலைக்கு மேல் நடப்பதை யாரும் அத்துமீறலாக எண்ணாத காலம். மரம் நடத் தோட்டம் இல்லாததால் பேரிக்காய் மரத்தைச் சுவரோடு சேர்த்து வளர்த்து, கிளைகளைத் தட்டையாகப் பரப்பிக் கட்டினார்கள். திருவுடல் திருவிழாவுக்கு நற்கருணைப் பவனி போகத் தெரு போதாது என்று, 17ஆம் நூற்றாண்டு முதல் அதை ஏரியில் படகுகளில் நடத்தினார்கள். பவனி இன்றும் ஏரியில்தான் நடக்கிறது. பேரிக்காய் மரங்கள் இன்றும் சுவரில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் முன்னும் கேமராவோடு ஒரு வரிசை.

1877இல் சால்ஸ்காமர்கூட் வட்டாரத்துக்கு ரயில் வந்தபோது, மேற்குக் கரையில் தண்டவாளம் போட இடமில்லாமல் எதிர்க்கரையில் போட்டார்கள். அதனால் ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஊரில் இல்லை. ஏரிக்கு அப்பால் இருக்கிறது. இறங்கியவர்கள் படகேறித்தான் ஊருக்கு வர வேண்டும். இந்த ஏற்பாடு மட்டும் 140 ஆண்டுகளைத் தாண்டியும் மாறவில்லை. 1890இல் கரையோரப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துச் சாலை வந்தது. 1966இல் ஊருக்குப் பின்னால் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்தார்கள். வாகனங்கள் ஊருக்குள் நுழையாமல் மலைக்குள்ளேயே கடந்துபோயின. போர் முடிந்து கார்கள் பெருகிய ஆண்டுகளில், ஐரோப்பாவில் எத்தனையோ பழைய ஊர்கள் தங்கள் நடுத்தெருவை இடித்து அகலப்படுத்தின. ஹால்ஸ்டாட் தன் வீடுகளை விட்டுவிட்டு மலையைத் துளைத்தது. இன்று உலகம் படமெடுக்கும் அந்தக் கரைக்காட்சி தப்பியது அதனால்தான். காட்சி தப்பியதால்தான் கூட்டமும் வந்தது.

இடமின்மைக்கு ஊர் கண்ட வழிகளில் மிகவும் நெஞ்சைத் தொடுவது இறந்தவர்களைப் பற்றியது. கத்தோலிக்கக் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் தாங்குசுவர் கட்டி எடுத்த சிறு மேடை. புதைத்து 10, 15 ஆண்டுகள் ஆனதும் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்து, அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். எடுத்த மண்டையோட்டைக் கழுவி, வாரக்கணக்கில் வெளியில் வைத்து வெளுக்கவிட்டு, நெற்றியில் பெயரும் இறந்த ஆண்டும் எழுதி, சுற்றிலும் இலையோ பூவோ வரைந்து, பக்கத்திலுள்ள புனித மிக்கேல் சிற்றாலயத்தின் எலும்பறையில் குடும்பம் குடும்பமாக அடுக்கி வைத்தார்கள். ஓக் இலை, ஐவி, லாரல், ரோஜா என்று கோலங்கள் வேறுபடும். அங்கே 1,200க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் இருக்கின்றன. அவற்றில் 610 வண்ணம் தீட்டியவை. இந்த ஓவிய வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கியது.

கடைசி மண்டையோடு 1995இல் வைக்கப்பட்டது. 1983இல் காலமான ஒரு பெண்ணுடையது, அவரது சொந்த விருப்பப்படி. 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை உடல் எரியூட்டலுக்கு இசைவு தந்தபின், சாம்பலுக்கு இவ்வளவு இடம் வேண்டியிருக்கவில்லை. இட நெருக்கடி தீர்ந்தது, வழக்கமும் தீர்ந்தது. முன்பு ஒரு பேரன் தன் தாத்தாவின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க அந்த அறைக்குள் வந்தான். இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அந்நியர்கள் வருகிறார்கள். எலும்புகள் அதே மரியாதையோடுதான் வைக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கிறவருக்கும் பார்க்கப்படுகிறவருக்கும் இடையே இருந்த உறவு மட்டும் இல்லை.

ஊர் தன் நெருக்கடியை எப்போதும் இவ்வளவு கனிவோடு கையாண்டது என்று சொல்லிவிட முடியாது. 1734ஆம் ஆண்டு அதற்குச் சாட்சி. அந்த ஆண்டு ஏப்ரலில் சுரங்கத்தின் ஒரு பகுதி சரிந்தபோது, உப்புப் பாறையோடு ஒட்டி இறுகிய ஒரு மனித உடல் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உள்ளே சிக்கி இறந்த தொழிலாளியாக இருக்க வேண்டும். கிறிஸ்தவர் அல்லாதவர் என்று கருதி, கல்லறைத் தோட்டத்தின் ஒதுக்கிடத்தில் புதைத்துவிட்டார்கள். அதே ஆண்டுக் கோடையில், ரகசியமாகப் புராட்டஸ்டண்ட் நம்பிக்கையைக் காத்துவந்த இந்த வட்டாரக் குடும்பங்களை, பேரரசர் ஆறாம் கார்லின் ஆணைப்படி, டான்யூப் வழியாகப் படகேற்றி டிரான்சில்வேனியாவுக்கு நாடு கடத்தினார்கள். செத்தவனுக்கும் இடமில்லை, வேறு விதமாக ஜெபித்தவனுக்கும் இடமில்லை. 1781இல் சகிப்புத்தன்மை ஆணை வந்தது. 1863இல் புராட்டஸ்டண்ட் ஆலயம் ஏரிக்கரையிலேயே எழுந்தது. ஊரின் படம் என்று இன்று எங்கும் காணக் கிடைப்பது, நீரில் கூர்மையாகப் பிரதிபலிக்கும் அந்த ஆலயத்தின் கோபுரம்தான். விரட்டப்பட்ட நம்பிக்கையின் கோபுரம் ஊரின் முகமாக ஆகியிருப்பது, இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் சந்தேகமின்றி நல்ல மாற்றம்.

மேலே டாக்ஸ்டைன் பனிமலையில் மாற்றம் வேறு விதம். 1840இல் இங்கே முதலில் வந்த ஃப்ரீட்ரிக் சிமோனி, பின்னாளில் வியன்னா பல்கலைக்கழகத்தின் முதல் புவியியல் பேராசிரியர், ஐம்பது ஆண்டுகள் ஹால்ஸ்டாட் பனியாற்றை வரைந்தும் படமெடுத்தும் பதிவுசெய்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது பெருகி நின்றது. இன்று அந்தப் பரப்பில் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். ஊரார் செய்ததும் அல்ல, ஊரார் தடுக்கக்கூடியதும் அல்ல.

இனி, கூட்டம் வந்த கதை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். ஓவியர் வால்ட்முல்லர் ஏரியைத் தீட்டினார். வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். 1997இல் யுனெஸ்கோ ஹால்ஸ்டாட்டையும் டாக்ஸ்டைன் வட்டாரத்தையும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2006இல் ஒளிபரப்பான ஒரு தென்கொரியத் தொடரில் ஊர் இடம்பெற்றது. கிழக்காசியப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். 2012இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், போலுவோ என்ற இடத்தில், ஹால்ஸ்டாட்டின் நகல் ஒன்று திறக்கப்பட்டது: கோபுரம், சதுக்கம், மரமாடங்கள் எல்லாம். தங்கள் வீடுகளை யாரோ வந்து அளந்துபோயிருப்பது ஊராருக்குத் தெரியவந்தது அதற்கு ஓராண்டு முன்புதான். முதலில் அதிர்ச்சி, கோபம். பிறகு ஊராட்சி சீனத் தரப்போடு பண்பாட்டு உறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. நகலைப் பார்த்தவர்கள் அசலைப் பார்க்க வந்தார்கள்.

2019இல் ஊருக்கு வந்த சுற்றுலாப் பேருந்துகள் 20,000ஐத் தாண்டின. 2020இல் அப்போதைய ஊராட்சித் தலைவர் அலெக்சாண்டர் ஷோய்ட்ஸ் கூட்டத்தை மூன்றில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிந்துகொண்டுதான் வரவேண்டும் என்ற விதி வந்தது.

பெற்றதையும் கணக்கில் வைக்க வேண்டும். காய்ச்சுசாலை மூடியபின் வாழ வழியில்லாமல் ஓய்ந்துபோயிருக்கக்கூடிய ஊர் இது. ஆல்ப்ஸ் மலையில் அப்படி வெறுமையான ஊர்கள் பல உண்டு; வீடுகள் நிற்கும், புகைபோக்கியில் புகை இருக்காது. ஹால்ஸ்டாட்டில் வேலை இருக்கிறது. வாகன நிறுத்தக் கட்டணம் ஊராட்சிக் கருவூலத்துக்கு வருகிறது. பழைய வீடுகளின் கூரையும் சுவரும் பழுதுபார்க்கப்படுகின்றன. 1960 முதல் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சுரங்கத்துக்குள் நடத்திவரும் அகழாய்வின் பலனை மக்கள் நேரில் பார்க்க முடிகிறது. மலையின் அழுத்தம் நசுக்கிவிடாமல் பெயர்த்தெடுத்த அந்த வெண்கலக் காலப் படிக்கட்டு, சுரங்கத்தின் உள்ளேயே வேறிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2024இல் பாட் இஷ்லும் சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது ஹால்ஸ்டாட்டும் அதில் ஒன்று.

இழந்தது எண்ணிக்கையில் இருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 946. பத்தாண்டு கழித்து 800க்குக் கீழே. பயணிகள் பன்மடங்கு பெருகிய அதே காலம் அது. ஒரு வீட்டை இளந்தம்பதிக்கு வாடகைக்கு விடுவதைவிட விடுதி அறைகளாக்கினால் வருமானம் அதிகம் என்றால் வீடு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. கட்டப் புதிய நிலம் இல்லாத ஊரில் அப்படிச் சாயும் ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பத்தைக் குறைக்கிறது. முன்பு இறந்தவர் எழுந்து உயிருள்ளவருக்கு இடம் விட்டார். இப்போது உள்ளூரார் எழுந்து விருந்தாளிக்கு இடம் விடுகிறார்கள்.

சுரங்கம் மூடவில்லை. ஏறத்தாழ 40 பேர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். மலைக்குள் துளையிட்டு நீரை இறக்கி உவர்நீராக்கி மேலே எடுக்கும் அந்த வேலையில் கூடையும் இல்லை, கொந்தாளமும் இல்லை. உப்புத் தொழிலுக்கு மாற்றாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தர 1873இல் தொடங்கிய மரச்சிற்பப் பள்ளியும் நடக்கிறது. அன்று மரச்செதுக்கும் பளிங்கு வேலையும். இன்று தளபாடம், படகுக் கட்டுமானம், இசைக்கருவி. உழைப்பில் ஊன்றிய ஊர் என்ற தொடர்ச்சி இந்த இரண்டு இடங்களிலும் அறுபடாமல் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கி இரண்டு மணி நேரத்தில் திரும்பிப் போகிறவர்கள் கண்ணில் இது படுவதில்லை.

2023 மே மாதம், எல்லோரும் படமெடுக்கக் கூடும் இடத்தில் ஏரிக்காட்சியை மறைத்து ஊராட்சி ஒரு மரத்தட்டியை நிறுத்தியது. அருகில் குடியிருப்போர் இரைச்சல் தாங்காமல் முறையிட்டதன் விளைவு அது. சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் எடுத்துவிட்டார்கள். தன் கரையில் ஒரு பலகையை வைக்கலாமா கூடாதா என்பதில் உலகம் முழுதும் கருத்துச் சொல்லும் நிலை இந்த ஊருக்கு வந்திருக்கிறது. எலும்பறைக்கும் பரண்வழிக்கும் படகுப் பவனிக்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நெருக்கம் தாங்கும், யார் எதை விட்டுக்கொடுப்பது என்று ஊரே தீர்மானித்தது. ஊரின் கையைவிட்டுப் போனது அந்த உரிமைதான் என்று எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில், சுமார் நூறு பேர், ஊரின் எட்டில் ஒரு பங்குக்குச் சமமான கூட்டம், பதாகைகளோடு சுரங்கப்பாதையின் வாயிலில் நின்று சிறிது நேரம் போக்குவரத்தை மறித்தார்கள். பயணிகளே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு வருவோர் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வரக்கூடாது என்பவை அவர்களின் கோரிக்கைகள்.